பெருக்காத வீடு

11

பெண்கள் போய் இன்றோடு நான்கு நாள்.

ஜெயசெல்வி டீச்சர் காலையில் எழுந்ததும் மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்த்தாள். அறைக் கதவுகள் திறந்தபடியே கிடந்தன. கடற்காற்று ஒவ்வொரு அறையாகப் போய் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் படியில் ஒரு மிட்டாய்க் காகிதம். அதற்கு இரண்டு படி மேலே ஒரு ஹேர்பின். அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி ஏறிப்போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அதே போல் ஒதுங்கி இறங்கி வந்தாள்.

போன வாரம் வரை அந்த வீட்டில் பன்னிரண்டு குரல்கள் இருந்தன. ஆறு நாட்டுப் பெண்கள் ஆடும் கைப்பந்துப் போட்டி தூத்துக்குடிக்கு வருகிறது என்றதும் ஊரே கல்யாண வீடாகிப்போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாட்ஜுகள் போதாமல் கமிட்டிக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சாத்தான்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தம்பி தேவதாசன், அக்கா தனியாக இருக்கும் இந்த வீட்டின் தலைமேல் மூன்று அறைகளையும் இரண்டு மேல்நாட்டுக் கக்கூஸ்களையும் எழுப்பினான். மலேசியாப் பெண்கள் வந்தார்கள், பதினொரு நாள் இருந்தார்கள், போட்டியில் நான்காவதாக வந்தார்கள், போய்விட்டார்கள்.

விமானத்தில் வந்தவர்கள் கப்பலில் போனார்கள். திரும்பிப் போகிற டிக்கெட்டுக்குப் பணம் இல்லை என்று கமிட்டி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டது. சென்னையில் கப்பல் ஏறினால் பினாங்கு போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

அதுதான் இப்போது தொந்தரவு.

ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்பிவிட்டு உடனே வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஜெயசெல்வியின் அம்மா அதை ஒரு படி அதிகமாகவே பிடித்துக்கொண்டவள். போனவர்கள் போய்ச் சேரும்வரை வாரியலைத் தொடக் கூடாது என்பாள். நாசரேத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, பூனை குறுக்கே போனால் சிரிக்கிற குடும்பம்தான். ஆனாலும் இதை மட்டும் குருவானவரும் கேட்டதில்லை, அம்மாவும் அவரிடம் சொன்னதில்லை. அப்பா கொழும்புக்குக் கப்பல் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம். மறுநாள் பெருக்கிவிடலாம். பினாங்கை அம்மா நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள்.

முதல் நாள் பழக்கத்தில் விட்டுவைத்தாள் ஜெயசெல்வி. இரண்டாம் நாள் வாரியலைக் கையில் எடுத்தாள். கப்பல் அப்போதுதான் புறப்பட்டிருக்கும் என்று தோன்றியது. மறுபடியும் மூலையில் சாத்திவிட்டாள்.

நான்காம் நாளான அன்றைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற முறை. போட்டி நடந்த நாட்களில் தினமும் வந்தது. பந்து போனதும் தண்ணீரும் பழையபடி மூன்று நாளைக்கு ஒரு முறை ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அருணாசலவடிவு குடங்களை வரிசையில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன டீச்சர், இன்னமும் தூத்தலையா?"

"யாரு சொன்னாங்கக்கா?"

"யாரு சொல்லணும்? உங்க வாசல்லதான் குப்பை பறக்குதே."

"அந்தப் பிள்ளைக நடுக்கடல்ல இருக்காங்கக்கா."

"நான் பெத்த மகனைப் பம்பாய்க்கு அனுப்பிட்டு அன்னைக்குச் சாயங்காலமே தூத்திட்டேன். நல்லாத்தான் இருக்கான். லெட்டர்தான் போட மாட்டேங்கான்."

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அருணாசலவடிவும் சிரித்தாள். பிறகு குடத்துக்குள் பார்த்துக்கொண்டாள்.

"உங்களுக்காவது ஆளு வந்து தங்கிச்சு டீச்சர். நான் ஷவர் வச்சுக் குளிக்கிற ரூம் கட்டினேன். ஜப்பான்காரி வருவா, பர்மாக்காரி வருவான்னான் கமிட்டிக்காரன். ஒரு பயலும் எட்டிப் பாக்கல. இப்ப அதுக்குள்ள ஆடு நிக்குது."

"ஆடு குளிக்குதா?" என்றாள் ஒருத்தி.

"தண்ணி வந்தால்லா குளிக்கும்?"

ஜெயசெல்வி இரண்டு குடத்தோடு திரும்பினாள். பன்னிரண்டு பேருக்குத் தண்ணீர் பிடித்த கைக்கு இரண்டு குடம் லேசாக இருந்தது.

அது சனிக்கிழமை. பள்ளி அரை நாள். முந்திய நாள் தேவதாசனிடமிருந்து கார்டு வந்திருந்தது. "சனி மாலை நான்கு மணிக்கு ஒரு கம்பெனி மேனேஜர் வீடு பார்க்க வருகிறார். நானும் தேவமணியும் மதியமே வருகிறோம். வீட்டைச் சுத்தமாக வைக்கவும்." எதற்கு வீடு பார்க்கிறார் என்று அவன் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் புரிந்தது. புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு வீடு தேடி அலைகின்றன. மேலே மூன்று அறை, கீழே ஒரு வீடு, பன்னிரண்டு கட்டில், எல்லாம் சேர்த்து ஒரு விடுதி. நடுவில் முப்பத்தெட்டு வயதில் கல்யாணமாகாத ஒரு டீச்சரை எங்கே வைப்பது?

கடைசி மணி அடித்ததும் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

"நம்ம ஹாஸ்டல்ல ஒரு ரூம் கிடைக்குமா, டீச்சர்?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொந்த வீடு இருக்கிற உங்களுக்கு எதுக்கு ஹாஸ்டல்?"

ஜெயசெல்வி மேசைமேலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். அவர் அதற்கு மேல் தோண்டவில்லை.

"நாலு ரூம்லயும் ரெண்டு ரெண்டு பேரா இருக்காங்க. இந்தப் போட்டி வந்தாலும் வந்தது, ஊர்ல வாடகை ஏறினது ஏறினபடி நிக்கி. வெளிய வீடு எடுத்திருந்த டீச்சருக எல்லாம் இங்கனதான் வந்து விழுந்திருக்காங்க. ஜூனுக்கு முன்ன எதுவும் சொல்ல முடியாது. தம்பி வீட்டோட போய் இருக்கலாமே?"

"சாத்தான்குளத்துல இருந்து தினமும் வந்து போக முடியாது, டீச்சர்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜெயசெல்வி வெயிலில் நடந்து வந்தாள். மைதானத்தில் சவுக்குக் கம்பு காலரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டாயிரம் பேர் உட்காருவார்கள் என்று கட்டியது. இறுதி ஆட்டத்தன்று அவளும் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யார் என்றே தெரியாத ஒரு பெண், ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்படி யாரும் அவள் கையைப் பிடித்துப் பல வருஷமாகிறது.

தம்பியும் அவன் மனைவியும் அவளுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார்கள். தேவமணியின் கையில் கருப்பட்டி வைத்த ஓர் ஓலைக் கொட்டான். தேவதாசன் இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் தனியாக நின்றது.

கதவைத் திறந்ததும் தேவமணி தரையைப் பார்த்தாள்.

"மைனி, என்ன இது?"

"பிள்ளைக இன்னும் ஊர் போய்ச் சேரல."

"எந்தப் பிள்ளைக?"

தேவதாசன் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "அம்மா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. அந்த வழக்கத்துக்கு மட்டும் இன்னும் சாவு வரல. அக்கா, அவுங்க நமக்குச் சொந்தமா பந்தமா? வாடகைக்கு வந்தவுங்க."

"பதினோரு நாள் இந்த வீட்லதானப்பா தூங்குனாங்க."

"தூங்கினதுக்கு முழு வாடகை வந்துச்சா? பாதிதான் வந்துச்சு. மீதிக்குக் கமிட்டிக்காரன் நன்றிப் பத்திரம் குடுத்துட்டான்."

"தங்க எழுத்துல அச்சடிச்ச பத்திரம்" என்றாள் தேவமணி. "கண்ணாடி போட்டுக் கடையில மாட்டியிருக்காக, மைனி. துணி எடுக்க வாரவன் எல்லாம் நின்னு வாசிக்கான். வாசிச்சிட்டுப் போயிருதான்."

ஜெயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவமணிக்கும் வந்தது. தேவதாசன் மட்டும் சிரிக்கவில்லை.

"வருஷா வருஷம் நம்ம ஊர்லதான்னு மேடையில சொன்னாங்க. அதை நம்பித்தான் இறங்கினேன். அடுத்த வருஷம் கோயமுத்தூராம். மைதானத்துக்கு லைட் போட்ட காண்டிராக்டருக்கு முழுசாக் குடுத்துட்டாங்க. காலரிக்காரனுக்கும் குடுத்துட்டாங்க. எங்களை மாதிரி வீட்டுக்காரங்கதான் கடைசி வரிசை. கட்டிலை விக்கலாம்னு பாத்தேன். பேச்சிமுத்து ஆசாரி புண்ணியத்துல அதுவும் முடியல."

கட்டில் கதை தெருவுக்கே தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் நெட்டையாக இருப்பார்கள் என்று ஆசாரி தானாக முடிவு செய்து, பன்னிரண்டையும் ஏழடி நீளத்தில் செய்துவிட்டார். வந்த பெண்களில் பாதிப் பேர் ஜெயசெல்வியின் தோளுக்குத்தான் இருந்தார்கள். இந்திராணி என்ற தமிழ்ப் பெண் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தாள், ரப்பர் தோட்டத்துக் குடும்பம். "டீச்சரம்மா, இது கட்டில் இல்ல, பஸ்ஸு. பின்னால இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்பாள். புது ஊரில் பயந்த இரவுகளில் அவர்கள் உண்மையிலேயே இரண்டு இரண்டு பேராகப் படுத்துக்கொண்டார்கள்.

"மேனேஜர் முழு வீட்டையும் கேக்காரு" என்றான் தேவதாசன். "மூணு வருஷத்துக்கு. ஒரு வருஷ வாடகை முன்பணம்."

"கீழ்வீட்ல நான் இருந்துக்கிடுதேனே."

"கீழ சமையலும் சாப்பாடுமாம். ஆம்பளைக பத்துப் பன்னெண்டு பேர் தங்குத இடம். நீ எப்படிக்கா இருப்ப? உனக்கு என்ன, ஸ்கூல் ஹாஸ்டல் இருக்கு."

அங்கே இடமில்லை என்று சொல்ல ஜெயசெல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் தேவமணி முந்தானையைச் செருகிக்கொண்டு மூலையிலிருந்த வாரியலை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம், தேவமணி."

"மணி ரெண்டரை ஆகுது, மைனி. நீங்க உக்காருங்க, நான் தூத்துதேன்."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா. வாரியலைக் கீழ வை."

டீச்சர் குரல் அது. நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல். தேவமணி குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். தலைமுடி முன்னால் சரிந்து காது தெரிந்தது.

காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் ஒரு வேப்பங்குச்சித் துண்டு செருகியிருந்தது. மற்றக் காதிலும் அப்படியே.

அது தேவமணிக்கு அவள் வீட்டில் போட்ட தோடு. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டாள். ஜெயசெல்வி பார்ப்பதை உணர்ந்து அவள் சட்டென்று நிமிர்ந்து முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

"கடையுமா?" என்று தம்பியைக் கேட்டாள் ஜெயசெல்வி.

அவன் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். "கடையும்தான் அடகுல. மார்ச் முடியுமுன்ன திருப்பலன்னா கடன் குடுத்தவுங்களுக்கு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

தெருவில் உப்பு லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின.

ஜெயசெல்வி எழுந்து வந்து தேவமணியின் கையிலிருந்து வாரியலை வாங்கினாள்.

"குடு. நானே செய்யுதேன்."

மாடியிலிருந்து தொடங்கினாள். கடைசி அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு கிழிந்த காலுறை. சுவரோரம் நீளமும் குட்டையுமாக முடிச் சுருள்கள். மக்ரூன் பொட்டலம் கட்டியிருந்த நூலை யாரோ ஜன்னல் கம்பியில் பின்னல் பின்னலாகப் பின்னியிருந்தார்கள். அதை மட்டும் அவிழ்க்காமல் விட்டாள். கப்பல் இப்போது எங்கே இருக்கும்? அந்தமானைத் தாண்டியிருக்காது. இந்திராணிக்குக் கப்பல் என்றாலே வயிற்றைப் புரட்டும் என்றாள். எலுமிச்சம்பழம் நாலு வாங்கிக் கொடுத்தனுப்பியது போதுமோ என்னவோ.

"ஆண்டவரே, நல்லபடியாக் கொண்டு சேரும்" என்று சொல்லிக்கொண்டே பெருக்கினாள். படியில் இருந்த மிட்டாய்க் காகிதமும் ஹேர்பின்னும் குப்பையோடு குப்பையாகக் கீழே வந்தன. போய்ச் சேர்ந்ததும் தந்தி அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள் இந்திராணி. பத்தொன்பது வயதுப் பெண். அம்மாவையும் தங்கைகளையும் பார்த்த சந்தோஷத்தில் தபாலாபீஸ் ஞாபகம் வருமா? வராது. வீடு போய்ச் சேர்ந்து மறந்துவிட்டால் அதுவே நல்லது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். முற்றத்தில் குப்பை ஒரு முறத்துக்கு மேல் சேரவில்லை. பதினொரு நாள் கூச்சலுக்கு இவ்வளவுதானா என்று இருந்தது.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். செல்லப்பாண்டி என்று பெயர். எட்டயபுரத்துக்காரர். நல்ல மாதிரியான மனிதர்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"வீடு கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க, டீச்சர்."

தேவமணி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடிக்குப் போனதும் மேனேஜர் கட்டில்களைப் பார்த்து நின்றார். ஒன்றில் உட்கார்ந்து, காலை நீட்டிப் படுத்தும் பார்த்தார்.

"அடடே. எங்க கம்பெனியில நாலு பேர் பஞ்சாப்காரங்க. இந்த ஊர்க் கட்டில்ல காலை வெளிய தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்குதாங்க. இது அவங்களுக்குன்னே அடிச்ச மாதிரி இருக்கே. கட்டிலையும் சேத்தே எடுத்துக்கிடுதோம்."

தேவதாசன் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "எல்லாம் பர்மாத் தேக்கு மாதிரி உறுதி, சார்" என்றான். வாகை மரம் என்று ஆசாரிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கீழே வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் பையிலிருந்து அச்சடித்த ஒப்பந்தத் தாளை எடுத்து விரித்தார். வீடு அம்மா பெயரிலிருந்து ஜெயசெல்வி பெயருக்கு வந்தது. கையெழுத்து அவளுடையதுதான் வேண்டும். பேனாவைத் தம்பி மூடி கழற்றிக் கொடுத்தான். மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டான். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது இப்படித்தான் கடிப்பான். அவள்தான் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுபோய் விடுவாள்.

மேனேஜர் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். உரிமையாளர் பெயர். எழுதினாள். தகப்பனார் பெயர். எழுதினாள். தொழில். எழுதினாள். உரிமையாளர் முகவரி. கதவு எண்ணை எழுதித் தெருப் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"அது இல்ல, டீச்சர்" என்றார் மேனேஜர் மெதுவாக. "இந்த வீடு இனிமே கம்பெனி விலாசம் ஆயிருமில்லா. மாசாமாசம் வாடகை அனுப்பணும். நீங்க இனி இருக்கப்போற இடத்தைப் போடுங்க."

பேனா நின்றது.

"ஹாஸ்டல்னு போடுக்கா" என்றான் தேவதாசன். "ஸ்கூல் பேரைப் போட்டாலே போதும், வந்து சேந்துரும்."

"அங்க இடமில்ல, தம்பி. ஸ்கூல் விட்டதுமே கேட்டுட்டேன்."

தேவதாசன் அக்காவைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

தேவமணி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். சாத்தான்குளத்தில் கடைக்குப் பின்னால் ஒரு கூடமும் ஒரு அடுக்களையும்தான் அவர்கள் வீடு. அதில் அவர்கள் இரண்டு பேரும் மூன்று பிள்ளைகளும். அங்கே வந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால், முடியாது என்று ஜெயசெல்வியேதான் சொல்லியிருப்பாள். இருந்தாலும் யாராவது ஒருவர் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவள் காத்திருந்தாள்.

தேவதாசன் தொண்டையைச் செருமினான். தேவமணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

மேனேஜருக்குத்தான் முதலில் தாங்கவில்லை. "அதைக் காலியாவே விட்டிருங்க, டீச்சர். அவசரமில்ல. பிறகு எழுதிக்கிடலாம்" என்றார்.

ஜெயசெல்வி கதவு எண்ணின் மேல் ஒரு கோடு போட்டாள். அந்த வரியை விட்டுவிட்டுக் கீழே வந்தாள். நாற்பது பிள்ளைகளின் மார்க் பட்டியலில் போடுகிற அதே நேர்க் கையெழுத்தைப் போட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

"சாவி எப்ப வேணும்?"

"பத்தாம் தேதி போதும்."

பத்தாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

தேவதாசன் மேனேஜரைத் தெருமுனைவரை கொண்டுபோய்விடப் போனான். அவன் குரல் வாசலில் உற்சாகமாகக் கேட்டது. முன்னறையில் இரண்டு பெண்களும் எதிரெதிராக நின்றார்கள். ஜெயசெல்வி நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

தேவமணி போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இப்படி ஜெயசெல்வி பார்த்ததில்லை.

"மைனி, அவுக வாரதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிரணும்" என்றாள் தேவமணி.

(தொடரும்)